பாதிக் கழுதை

“ஐயோ, பசிக்குதுங்களே! நேத்திருந்து பச்சத் தண்ணி பல்லுல படலீங்களே!” என்று கழுதை கதறியது.

கதறியது குரல் மட்டும்தான். கழுதை கதறவில்லை. அது திரைக்கு மேலே சாவகாசமாக நின்று, ஒரு காதைத் திரைக் கம்பியில் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தது. வாயைக்கூடத் திறக்கவில்லை.

 குரல் இன்னும் உருக்கமாக, “கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வருதுங்களே, சாமிகளா!” என்றது.

கழுதை இப்போது வாயை மெதுவாக, அகலமாகத் திறந்து, மெதுவாக மூடியது. கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவர்கள் விடுகிற ஏப்பம் அது. சத்தம் வராவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை குழந்தைகளுக்கும் அது கேட்டுவிட்டது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண்குழந்தை எழுந்து, “ஆன்ட்டி! இந்தக் கழுதை ஜூட்டு சொல்லுது! அது நல்லா சாப்பிட்டுச்சு!” என்று புகார் செய்தது. பொய் சொல்வதைப் புனேயில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும். அவ்வளவுதான், அறை முழுக்க ஒரே சிரிப்பு. கீழே கிராணா, அதாவது மளிகைக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மாடிப்படியில் பாதி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கழுதைக்குள் இருந்த கை என்னுடையது. குரல் விசாலம் அக்காவுடையது. அந்தச் சமயத்தில் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சென்ற வாரம் கட்கி பஜாரில் தக்காளி பேரம் பேசியே நான் இந்தி கற்ற கதையை எழுதியதற்கு, “இதையெல்லாமா அச்சுல போடுறாங்க?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். இந்த வாரம் கழுதை. அவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். போனாலும் சமைக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

சுண்டலுக்கு வந்த மாணவர்கள்

கல்யாணமாகி நான் கோவில்பட்டியிலிருந்து புனேக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். வீட்டுக்காரருக்குக் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. வீடு போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். ஊரில் வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். இங்கே இந்தியும் தெரியாமல், மராத்தியும் தெரியாமல், பால்காரரிடம் விரலைக் காட்டிப் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் என்பது ஒரு மாடி அறை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு செயலாளர். அறை கிராணா கடைக்கு மேலே இருந்ததால் எப்போதும் துவரம்பருப்பும் கோணிச் சாக்கும் மணக்கும். செயலாளர் ராமலிங்கம் அரசாங்கக் கணக்கு அலுவலகம் ஒன்றில் இருந்தார். மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்பவர் போலவே பேசுவார். அவர் வீட்டில் காப்பி கேட்டாலே தீர்மானம் முன்மொழிவது போல இருக்கும் என்று அவர் மனைவி சொல்லுவார்.

நம் பிள்ளைகள் தாய்மொழியை மறக்கக் கூடாது என்று ராமலிங்கம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். அவருடைய சொந்தப் பிள்ளைகளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் கார்ட்டூன் ஓடும்போது எந்தப் பிள்ளை வந்து ‘அ’ எழுதும்? சுண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் சுண்டல் நேரத்துக்குச் சரியாக வந்து, வாங்கிக்கொண்டு, ‘தேங்க்யூ ஆன்ட்டி’ சொல்லிவிட்டுச் சரியாகப் போனார்கள்.

பொம்மை யோசனையைச் சொன்னது விசாலம் அக்கா. பொள்ளாச்சிக்காரர். கணவருக்குக் கட்கியில் தொழிற்சாலை வேலை. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில்தான் வீடு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கொங்கு நாட்டு மரியாதை அவர் நாக்கோடு பிறந்தது. பால் குடிக்க வந்த பூனையைக்கூட, “அக்கட்ட போங்க சாமி” என்றுதான் விரட்டுவார்.

“இந்தப் புள்ளைங்க நம்மகிட்டப் பேசாதுங்க. பொம்மைகிட்டப் பேசும். வேணும்னா பாருங்க,” என்றார் சங்கக் கூட்டத்தில்.

கட்கி பஜாரில் பட்டாளத்தில் கழித்த சாமான்களை விற்கும் கடைகள் உண்டு. அங்கே முழங்கால்வரை வரும் சாம்பல்நிறக் கம்பளிக் காலுறைகளை வாங்கி வந்தோம். பொத்தானில் கண், பழைய ரெக்சின் பையை வெட்டிக் காது. ஒரு காலுறை கழுதையானது, இன்னொன்று நரியானது. ராஜாவுக்கு மட்டும் வெள்ளைக் காலுறைதான் வேண்டும் என்று ராமலிங்கம் ஒற்றைக்காலில் நின்றார். ராஜா அவர்தான்.

குட்டை வயர்

மற்ற பொம்மலாட்டங்களுக்கெல்லாம் மரபு என்று ஒன்று இருக்கும். எங்களுக்கு இருந்தது ஒரு குட்டை வயர்.

சங்கத்தில் ஒரே ஒரு மைக். அதைச் செருகுவதற்கு ஒரே ஒரு பிளக், அதுவும் ஜன்னல் பக்கத்துச் சுவரில். திரையை ஜன்னல் பக்கம் கட்டினால், வெளிச்சத்தில் பின்னால் இருக்கிறவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். குழந்தைகள் பொம்மையை விட்டுவிட்டு ராமலிங்கத்தின் தொப்பையைப் பார்த்தன. அதனால் திரை எதிர்ச்சுவருக்குப் போனது. மைக் வயர் அங்கே எட்டவில்லை. புது வயர் வாங்குவதென்று கூட்டத்துக்குக் கூட்டம் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் நீண்டதே தவிர வயர் நீளவில்லை.

அதனால் குரல் கொடுப்பவர்கள் ஜன்னலோரம் மைக் முன்னால் நாற்காலியில். பொம்மையை ஆட்டுபவர்கள் எதிர்ப்பக்கம், படுக்கை விரிப்புக்குப் பின்னால், முழங்காலில். ஒரு பொம்மைக்கு இரண்டு ஆள்.

நல்ல முழங்கால் உள்ளவர்கள் எல்லாம் கை, மற்றவர்கள் குரல் என்று பிரித்தார்கள். விசாலம் அக்காவுக்கு மூட்டு வலி. அவர் கழுதையின் குரல் ஆனார். எனக்கும் குரல் கொடுக்க ஆசைதான். ராமலிங்கம், “உங்க தமிழ் ரொம்ப வேகம்மா. எக்ஸ்பிரஸ் மாதிரி போகுது. பிள்ளைங்க ஏற முடியாது,” என்று சொல்லிவிட்டார். ஆக, கழுதையின் கை நான். ஊமையாக இருந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலையும் ஊமை வேலைதான்.

ராஜாவின் கை ராமலிங்கத்தின் மைத்துனர். ராஜா பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் அல்லவா? மைத்துனருக்குக் கை கடுக்கும். ராஜா நாட்டு மக்களுக்கு வீர உரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லச் சரிந்து, திரைக் கம்பிமேல் படுத்துவிடுவார். உரை மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

கையைத் தூக்கிக்கொண்டு முழங்காலில் நிற்பது, பள்ளிக்கூடத்தில் பேசியதற்காக எனக்குக் கிடைத்த தண்டனை. இப்போது நானாகவே போய் நின்றேன். உள்ளே இருந்தால் சோப்பு மணக்கும் விரிப்பும் என் முழங்கையும் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் குழந்தைகள் சிரிப்பது கேட்கும். நான் மணிக்கட்டைத் திருப்பினால் சிரித்தார்கள். விரலை மடக்கினால் மூச்சுப் பிடித்தார்கள். புனேயில் எனக்கென்று இருந்தது அந்தக் கழுதைதான். பாதிக் கழுதை என்றாலும் அது எனக்கு உயிராக இருந்தது.

வெகுநாள் கழித்து ஒரு புண்ணியவான் நீளமான வயர் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார். ராமலிங்கம் நன்றியுரை ஆற்றி அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். “குரல் வேற, கை வேறங்கிறது நம்ம பாணி. அதை மாத்தக் கூடாது,” என்றார்.

ஒரு பொம்மைக்கு ஒரு பொன்னாடை

சங்கத்தின் ஆண்டு விழா கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. பெரிய மேடை, உண்மையான விளக்கு. எங்கள் நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ராமலிங்கம் திட்டம் போட்டுத்தான் வாங்கியிருந்தார். எத்தனை பொம்மையோ அத்தனை பொன்னாடை.

“இப்போது நமது கழுதைக் கலைஞர்!” என்று மைக்கில் முழங்கியது கேட்டது. நான் திரைக்குப் பின்னால் இன்னும் முழங்காலில்தான் இருந்தேன். கழுதைகூடக் கையிலிருந்து கழலவில்லை. எழுந்து வெளியே வருவதற்குள் விசாலம் அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி, படம் பிடித்து, அடுத்தது நரி என்று போய்விட்டார்கள். அவர் மேடை ஓரத்தில் நாற்காலியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தவர். கழுதை என்றால் அவர்தான் என்று சபை முடிவு செய்துவிட்டது.

ராஜாவின் கைக்கும் பொன்னாடை கிடையாது. ஆனால் அவருக்குக் கவலையில்லை. பொன்னாடை எப்படியும் அவர் அக்கா வீட்டுக்குத்தான் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விசாலம் அக்கா பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வருத்தம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேலி செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“உனக்கென்ன கண்ணு, நீ திரைக்குள்ள இருக்கறவ. உனக்குப் போத்தினா யாருக்குத் தெரியப் போகுது?”

“ஆமாக்கா. கழுதை தானா ஆடுதுன்னு வச்சுக்கிடுவோம். இனிமே நீங்களே பேசி நீங்களே ஆட்டிக்கிடுங்க.”

“அட, கோவிச்சுக்காத. உள்ளதத்தான சொல்றேன்? அது காலுறைதான. குரல் குடுத்தாத்தான் கழுதை.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதோடு சரி. மறுநாள் பஜாரில் பார்த்தபோது ‘கண்ணு’ போய் “நல்லாருக்கீங்களாங்க?” ஆகிவிட்டது. கொங்குக்காரர்கள் கோபித்துக்கொண்டால் மரியாதையை இன்னும் கூட்டிவிடுவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் குறைப்போம். இரண்டுமே வலிக்கத்தான் செய்யும்.

அடுத்த ஞாயிறு நிகழ்ச்சியில்தான், காலுறை என்ன செய்யும் என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று, அந்த ஏப்பம்.

சண்டைக்குக் கிடைத்த கூட்டம்

விசாலம் அக்கா சும்மா விடுகிற ஆளில்லை. அதற்கடுத்த நிகழ்ச்சியில் மைக்கில், “இப்ப என்ற தலை வலது பக்கம் திரும்புமுங்க,” என்றார். நான் இடது பக்கம் திருப்பினேன். “பாத்தீங்களா சாமி, இந்தக் கழுதைக்கு வலது எடது தெரியாது. பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகலீங்க,” என்றார். கழுதை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் சந்து சந்தாகப் பரவியது. பேசுவது ஒன்று, செய்வது ஒன்று என்று இருக்கும் கழுதையைப் பார்க்கப் பிள்ளைகள் கார்ட்டூனை விட்டுவிட்டு வந்தார்கள். தமிழே தெரியாத மராத்திப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். கழுதையின் வாய் சொல்வதை நம்புகிற கட்சி, தலை செய்வதை நம்புகிற கட்சி என்று இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. கட்சி இருந்தால் வாதம் இருக்கும். கழுதைக்குப் புரிய வேண்டுமே என்று அதைத் தமிழிலேயே திட்டினார்கள். “ஏய் கழுதை, நீ ஏன் அக்கா சொல்றத கேக்க மாட்டேங்கிறே?” என்று ராமலிங்கத்தின் பையன் முழு வாக்கியத்தில் கேட்டபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

‘குழந்தைகளிடையே தாய்மொழி ஆர்வம் பெருகியுள்ளது’ என்று அந்த வருட அறிக்கையில் எழுதினார். எதனால் பெருகியது என்று எழுதவில்லை.

ராசியாகி வந்த நஷ்டம்

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கேம்ப்பில் வேலை முடித்துவிட்டு எங்கேயோ கரும்புச் சாறு குடித்திருக்கிறார். இதைப் படித்தால் இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்லுவார். நான் தனியாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் விசாலம் அக்கா மூட்டு வலியோடு எங்கள் மாடி ஏறி வந்தார். தூக்குச் சட்டியைத் திறந்தால் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதம், மேலே நெய்.

“அவருக்குத்தான் பத்தியமாச்சேக்கா,” என்றேன்.

“அவருக்கு ஆரு கொண்டாந்தா? இது உனக்கு கண்ணு. நீ சாப்பிட்டயா இல்லியான்னு ஆராச்சும் கேட்டாங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. நான் சட்டியோடு உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் பொன்னாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சண்டை முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் கொடுத்த நிகழ்ச்சி மாதிரி ஒரு சுத்தமான நிகழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவர் அழுதால் கழுதை அழுதது. அவர் சிரித்தால் சிரித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் அசைந்தது. குழந்தைகள் கொட்டாவி விட்டன. “ஆன்ட்டி, கழுதைக்கு ஒடம்பு சரியில்லயா?” என்று ஒன்று கேட்டது.

கூட்டம் பாதியானது, பிறகு அதிலும் பாதியானது. கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைக் கேட்கிறார் என்று ராமலிங்கம் காதில் போட்டார்.  மறுபடி சண்டை போட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்து, அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். அவர் முறைத்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முறைத்தால் அவருக்குப் புரையேறியது. ஒத்திகை பார்த்த சண்டையை மேடையில் போட்டதும் முன்வரிசைக் குழந்தை எழுந்து, “நீங்க சும்மா ஆக்டிங் பண்றீங்க,” என்று சொல்லிவிட்டது. எந்த வருடமானாலும் முன்வரிசையில் இப்படி ஒரு குழந்தை இருக்கும். அது வளர்ந்து போனால் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விசாலம் அக்காதான் வழி கண்டுபிடித்தார்.

“நான் என்ன பேசப் போறேன்னு உங்கிட்டச் சொல்ல மாட்டேன். நீ என்ன செய்யப் போறேன்னு எங்கிட்டச் சொல்லாத. அங்க வச்சுத்தான் ரெண்டு பேருக்கும் தெரியோணும்.”

கழுதை பிழைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் வகுப்பு வேறு இடம் பார்த்துப் போனது.

கழுதை சொன்ன சேதிகள்

இந்தச் சட்டம் நாளாக ஆக எங்களைப் பிடித்து ஆட்டியது. நல்ல சேதி எதுவாக இருந்தாலும் நிகழ்ச்சிக்காகப் பொத்தி வைக்கத் தொடங்கினோம். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை நான் முதலில் கேட்டது கழுதையின் வாயிலிருந்துதான். “என்ற புள்ளைக்கு மாப்பிள்ளை அமைஞ்சுருச்சுங்க!” என்று மைக் சொன்னதும், கழுதை நிலைகொள்ளாமல் திரைக் கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது. என் முழங்கால் தேய்ந்துவிட்டது.

என் சேதியைச் சொல்ல எனக்கு வாய் இல்லையே. ஒரு ஞாயிறு அவர் “குதிங்க, குதிங்க” என்றார். கழுதை குதிக்கவில்லை. “ஏனுங், குதிக்க மாட்டீங்களா?” கழுதை தலையைக் குனிந்து தன் வயிற்றுப் பக்கம் மூக்கால் மெல்லத் தடவியது. பிறகு வெட்கத்தோடு திரைக்குக் கீழே பாதி ஒளிந்துகொண்டது. உடனே மைக்கில் “அடி என்ற தங்கமே!” என்று ஒரு கூவல். குழந்தைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கே நான் அன்று மத்தியானம்தான் சொன்னேன். இதுவும் அவருக்கு இப்போதுதான் தெரியும்.

பிறகு ஊரின் கிழக்கே கராடியில் ஐடி கட்டடங்கள் எழுந்தன. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இளம் தம்பதிகள் வந்து இறங்கினார்கள். அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஏசி போட்ட அறை, சட்டையில் மாட்டிக்கொள்ளும் வயரில்லாத மைக். ராமலிங்கம் அதையும் வேண்டாம் என்றார், பாணி கெட்டுவிடுமாம். ஒரு பெண் மிகவும் மரியாதையாக, “ஆன்ட்டி, ஸ்கிரிப்ட் மெயில் பண்ணிட்டீங்கன்னா நாங்க முன்னாடியே பாத்துடுவோம்,” என்றாள்.

“ஸ்கிரிப்ட் இல்லீங்க கண்ணு. நாங்க ஒருத்தர ஒருத்தர் நம்பறதில்லீங்க. அதான் எங்க தொழில்,” என்றார் விசாலம் அக்கா. 

நான் கேட்காமல் விட்டது

விசாலம் அக்காவின் கணவருக்கு ஓய்வுபெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். புனேயிலேயே ஒரு வீடு பார்ப்பார்களா, பொள்ளாச்சிக்குத் திரும்புவார்களா என்று சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள். “பாக்கலாமுங்க,” என்பார்.

நான் கேட்கவில்லை. எங்கள் சட்டப்படி கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பதிலுக்குப் பயந்தேன். அவர் போனால் என் கையில் இருப்பது காலுறைதான் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அவர் சொன்னது அவ்வப்போது ஞாபகம் வந்து கடித்துக்கொண்டே இருந்தது. குரல் கொடுத்தால்தானே கழுதை.

அந்த ஞாயிறு அறை நிறைந்திருந்தது. கதை வழக்கம்போலச் சலவைக்காரரின் மூட்டையைச் சுமக்கும் கழுதை.

“இன்னைக்கு மூட்டை ரொம்பப் பெருசுங்க சாமிகளா,” என்று தொடங்கினார். “பாத்திரம் பண்டம், மெத்தை தலகாணி, ஆட்டுரலு, அம்மி…”

நான் கழுதையைத் தள்ளாட விட்டேன். அம்மிக்கு ஒரேயடியாகத் தரையோடு சாய்த்தேன். நல்ல சிரிப்பு.

“இவ்வளவயும் தூக்கிக்கிட்டு எங்க போறேன்னு கேக்க மாட்டீங்களா?”

“எங்க போறே?” என்று குழந்தைகள் கத்தின.

“ஊருக்குப் போறேனுங்க. பொள்ளாச்சிக்கு.”

எங்கள் கதையில் ஊர்களுக்குப் பெயரே கிடையாது. எல்லாம் ஒரு ஊர்தான். கழுதை சாய்ந்த இடத்திலிருந்து மெல்ல எழுந்தது.

“வர்ற வாரம் ரயிலுங்க. சாமானெல்லாம் கட்டியாச்சு.”

கழுதை தலையை ஆட்டியது. இல்லை என்று. வலமும் இடமுமாக, ஒரு தடவை.

குழந்தைகள் சிரித்தன. வாய் ஒன்று, தலை ஒன்று. அவர்கள் பார்க்க வந்ததே அதைத்தானே.

“போய்த்தானுங்க ஆகோணும். ஊட்டுக்காரருக்கு வேலை முடிஞ்சுருச்சு. குவார்ட்டர்ஸக் காலி பண்ணோணும்.” கழுதைக்கு ஏது குவார்ட்டர்ஸ் என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை.

கழுதை மறுபடி தலையை ஆட்டியது. இந்தத் தடவை நிறுத்தவில்லை.

தலைக் கட்சி உற்சாகமாகிவிட்டது. “போகாதே! போகாதே!” என்று ஒரு மூலை. “மத் ஜா!” என்று இந்தியில் ஒரு மூலை. “ஜாவூ நகோ!” என்று மராத்தியில் இன்னொரு மூலை. மூன்று மொழியிலும் போகாதே என்று கத்திக்கொண்டு கைதட்டினார்கள். இந்த இடத்தில் விசாலம் அக்கா கழுதையை நாலு வார்த்தை திட்டுவார், ஆட்டம் தொடரும். அன்று திட்டவில்லை. 

நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். கை கடுத்தும் இறக்கவில்லை. கழுதை முழுதும் நடுங்கியது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

“கைய எறக்கு கண்ணு. வலிக்கும்,” என்றது மைக்.

அது கழுதையின் குரல் இல்லை. என் வீட்டு மாடி ஏறி வந்து சாப்பிட்டாயா என்று கேட்ட குரல்.

முன்வரிசைக் குழந்தை எழுந்திருக்க வேண்டும். அதன் சத்தம் எனக்கு மிக அருகில் கேட்டது. “கழுதைக்கு ஏது கை?”

“இருக்குதுங்க சாமி,” என்றார் விசாலம் அக்கா.  “அந்தத் துணிக்குப் பின்னால செல்வின்னு ஒருத்தி முட்டி போட்டு நிக்கறா. இத்தன வருசமா நீங்க சிரிச்சதெல்லாம் அவளப் பாத்துத்தான். நான் சும்மா பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தேன்.”

குழந்தைகள் திரையை நோக்கி ஓடிவரும் சத்தம் கேட்டது. யாரோ விரிப்பைப் பிடித்து இழுத்தார்கள், கம்பியோடு சரிந்து விழுந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது. முழங்காலில் நின்றுகொண்டு, கையில் காலுறையை மாட்டிக்கொண்டு, அழுது மூக்குச் சிவந்த ஒரு பெண்பிள்ளையை அத்தனை குழந்தைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

முன்வரிசைக் குழந்தை கழுதையைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு சந்தேகத்தோடு, “ஆன்ட்டி, நீங்களா கழுதை?” என்று கேட்டது.

அந்த அறையில் ஆட்டம் நடக்கும்போது அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஆமா,” என்றேன். “நான்தான்.”